முப்பதாவது மாதத்திலும் வந்து நின்றவர்களுக்கு

மன்னார்குடி,
பிப்ரவரி 2025

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவர்களே,

வணக்கம். இந்த ஊரில் இருபது ஆண்டுகளாக அச்சகம் நடத்தி வருபவன் நான். திருமண அழைப்பிதழ், காதணி விழா, கருமாதிப் பத்திரிகை எனப் பிறருடைய மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் வாசகம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். 'வருகை தந்து சிறப்பித்த அனைவருக்கும் நன்றி' என்ற வரியை ஆயிரம் முறையாவது அச்சிட்டிருப்பேன். என் வீட்டு நன்றியை எழுத உட்கார்ந்தபோது அந்த வரி போதவில்லை. மடல் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

2022 ஜூன் மாதத்தில், ஆறு வயதான எங்கள் மகளுக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்ற அந்தப் பெயரைப் பிழையின்றிச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அதற்கு முன் மூன்று வாரம் சாதாரணக் காய்ச்சல் என்றே மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். கால் வலிக்கிறது என்று அவள் அழுததைப் பள்ளிக்குப் போக மறுக்கும் சாக்கு என நினைத்து அதட்டவும் செய்தேன். ஆகவே முதல் நன்றி, பரிசோதனைக் கூடத்தில் பணிபுரியும் தம்பிக்கு உரியது. அறிக்கையை மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்த அவர், அன்று இரவே தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, வெள்ளை அணு எண்ணிக்கை சரியில்லை, காலை வரைக்கும் காத்திருக்காதீங்க" என்றார். அவர் வேலையில் அது சேராது, ஆனாலும் அழைத்தார்.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சிகிச்சை தொடங்கியது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிலையம் அது என்பதை வரிசையில் காத்திருந்த நாள்களில்தான் அறிந்துகொண்டேன். அங்குள்ள மருத்துவர்களுக்கும், முதுகுத்தண்டில் ஊசி போடும்போது குழந்தையை வளைத்துப் பிடித்துக்கொண்டே கதை சொன்ன செவிலியர்களுக்கும் நாங்கள் பட்ட கடன் எழுத்தில் அடங்காது. மருத்துவச் செலவின் பெரும்பகுதியை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால், வீட்டு வாடகையையும், பூட்டிக் கிடக்கும் கடையையும், ஊரில் விட்டுவந்த பத்து வயது மகனின் இரவுகளையும் எந்தத் திட்டமும் ஏற்றுக்கொள்வதில்லை. இந்த மடல் பெரும்பாலும் அவற்றை ஏற்றுக்கொண்டவர்களுக்கே.

இந்த நோய்க்குச் சிகிச்சை இரண்டரை ஆண்டுகள் நீள்வது. முதல் மாதத்தில் ஊரே வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டில்கள் குவிந்தன. ஆப்பிள்கள் கூடை கூடையாக வந்தன. தோல் சீவாத பழத்தைக் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அவற்றையெல்லாம் நாங்களே தின்று தீர்த்தோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆறாவது மாதத்தில் கூட்டம் குறைந்தது. அதில் எனக்குக் குறை ஏதுமில்லை, அவரவர்க்கு வாழ்க்கை உண்டு. ஆனால் உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. கடுமையான கட்டம் முடிந்து, முடி வளர்ந்து, பிள்ளை ஓடி விளையாடத் தொடங்கியபின், தினமும் மாத்திரையும் மாதந்தோறும் முந்நூறு கிலோமீட்டர்ப் பயணமும் எதற்கு என்று மனம் கேட்கத் தொடங்கும். இடையில் நின்றுவிட்ட குடும்பங்களை நாங்கள் அறிவோம். கையில் பணமில்லாத ஒரு மாதத்தில் நாங்களும் அந்த வாசல்படியில் நின்றோம்.

அந்த மாதத்தில் எங்களை மன்னை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டவர் எங்கள் ரயில் நிலைய முன்பதிவு எழுத்தர். புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் முழுக் கட்டணச் சலுகையும் உடன் செல்பவருக்கு முக்கால் பங்குச் சலுகையும் உண்டு என்பதை எடுத்துச் சொல்லி, அதற்கு மருத்துவமனையில் எந்தப் படிவம் வாங்க வேண்டும் என்பதையும் துண்டுச்சீட்டில் எழுதித் தந்தவர் அவரே. அதன்பின் ஒவ்வொரு மாதமும், "பாப்பாவுக்குத் தேதி எப்போ?" என்று அவரே கேட்பார். ஒருவர் நம்மை எதிர்பார்த்திருக்கிறார் என்றால் போகாமல் இருக்க முடிவதில்லை.

மருந்துக்கடை அண்ணாச்சிக்குத் தனியாக ஒரு வணக்கம். மெர்காப்டோபியூரின் மாத்திரை தினமும் இரவில். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். அதைத் தவறித் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. என் மனைவியின் கை நடுக்கத்தைப் பார்த்த அவர், ஏழு காகித உறைகளில் கிழமைகளை எழுதி, அந்தந்த நாளுக்குரிய மாத்திரையைப் பிரித்துப் போட்டுத் தந்தார். ஒரு வாரமன்று, ஏறத்தாழ இரண்டாண்டு.

எதிர்வீட்டு அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தம் மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது, வேப்பிலை செருகும் முன்பே எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். நோயெதிர்ப்பு குன்றிய பிள்ளைக்குச் சின்னம்மையும் பெரிய ஆபத்து என்பதை ஒருமுறை சொன்னதற்கே நினைவில் வைத்திருந்தார். வகுப்பாசிரியையும் அவ்வாறே; வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு அம்மை, தட்டம்மை என்றாலும் காலை எட்டு மணிக்குள் எங்களுக்குச் செய்தி வந்துவிடும். பக்கத்துத் தெரு கார் ஓட்டுநர் இரவில் தம் கைபேசியை அணைத்ததே இல்லை. காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது என்பது மருத்துவர் ஆணை. நான்கு முறை நள்ளிரவில் தஞ்சாவூருக்கு ஓட்டிச் சென்றார். டீசல் செலவுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

முடி கொட்டத் தொடங்கியபோது, புது பிளேடுடன் வீட்டுக்கே வந்து மொட்டையடித்துச் சந்தனம் தடவிவிட்ட பெரியவரை என் மகள் இன்றும் கேட்கிறாள். நம் ஊரில் மொட்டைத் தலை எவரையும் திரும்பிப் பார்க்க வைப்பதில்லை; எந்தக் கோயிலுக்கு முடி கொடுத்தாய் என்று கேட்பார்கள், அவ்வளவுதான். அவள் "அடையாறு" என்பாள்.

என் அக்கா, மகனைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். உணவும் உடையும் கொடுத்ததைவிட, 'தங்கச்சிக்கு மட்டும்தான் எல்லாம்' என்று அவன் கோபித்த நாளில் அவனை அதட்டாமல் ரயிலேற்றி எங்களிடம் கூட்டிவந்தாரே, அதற்காக வணங்குகிறேன். என் அச்சகத்து ஊழியர் தை, மாசி, வைகாசி முகூர்த்தங்களை இரண்டு ஆண்டுகள் ஏறக்குறையத் தனியாளாகவே முடித்துக் கொடுத்தார். ஒரு அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் இடம் மாறியதை அந்தக் குடும்பத்தார் சிரித்து மன்னித்தார்கள், அவர்களுக்கும் நன்றி. திருவான்மியூரில் அறை கொடுத்த அம்மா வாடகையைக் குறைக்கவில்லை. ஆனால், எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று எங்களைக் கேட்காத வெகு சிலருள் அவர் ஒருவர்.

இனி, பெயர் தெரியாதவர்கள். இரத்தத் தட்டணுக்களை (பிளேட்லெட்) ஐந்து நாளுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. ஆதலால் யாரேனும் ஒருவர் வந்துகொண்டே இருக்க வேண்டும். கல்லூரிகள் மூடி, இரத்ததான முகாம்கள் குறையும் மே மாதத்தில் அவளுக்குத் தட்டணுக்கள் தேவைப்பட்டன. தரமணியில் ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகள் பணி முடிந்து வந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் கையை நீட்டிப் படுத்திருந்தார்கள். அவர்களுள் ஒரு தம்பி, தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டிருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டார். முகம் வாடிப் போனவர், சொல்லாமல் கொள்ளாமல் நான்காம் நாள் திரும்பி வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

2024 டிசம்பரில் அவள் கடைசி மாத்திரையை விழுங்கினாள். பரிசோதனைகள் இன்னும் பல ஆண்டுகள் தொடரும். அடுத்த தேதி மார்ச்சில், முன்பதிவு எழுத்தர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். இம்மடலை இருநூறு படிகள் அச்சிட்டிருக்கிறோம். பெயர் தெரிந்தவர்களிடம் நேரில் கொண்டுவந்து தருகிறோம். மீதியை மார்ச் மாதம் போகும்போது இரத்த வங்கியில் வைத்துவிட்டு வருவதாக இருக்கிறோம். அந்தத் தம்பி மறுபடி வந்தால் கண்ணில் படட்டும்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
பாப்பாவின் அப்பா, அம்மா, அண்ணன்

பின்குறிப்பு: மெய்ப்பு பார்த்தவள் பாப்பா. நான் 'மொட்டைத்தலை' எனச் சேர்த்து எழுதியிருந்ததை அவள்தான் பிரித்தாள். சரியா தவறா என்று இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்.