ஏலத்தில் எடுத்த பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசிப்புப் பத்தியில் அமெரிக்கக் கிறிஸ்தவக் காதல் மர்ம நாவல்களுக்கு ஒரே ஒரு பாராதான் கிடைத்திருந்தது. துப்பாக்கி காட்டிச் செய்யும் பிரசங்கம் என்று எழுதிவிட்டுப் பத்தியாளர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். படித்ததும் சிரித்துவிட்டேன். பாதி உண்மைதான். மீதிப் பாதிக்காக இந்தக் கடிதம்.

நான் 32 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த நாவல்கள் என் கைக்கு வந்தது எங்கள் சர்ச் ஏலத்தில். விளைச்சலுக்கு நன்றி சொல்லிச் சபைகளில் கொண்டாடும் எங்கள் பக்கத்து அறுப்பின் பண்டிகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாழைத்தார், சேவல், பூசணிக்காய், யாரோ ஒரு அம்மா சுட்டுக் கொண்டுவந்த முறுக்கு என்று எல்லாமே ஏலத்துக்கு வரும். அந்த வருஷம் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு தம்பதி, அட்டைப்பெட்டி நிறைய இங்கிலீஷ் புத்தகங்களைக் காணிக்கையாகக் கொடுத்திருந்தார்கள். சேவலுக்கு 800 ரூபாய் வரை போட்டி. பெட்டியைக் கேட்க நாதியில்லை. ஏலம் விட்டவர் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, "சிஸ்டர், நீங்கதான் படிக்கிற ஆளு" என்று 150 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார். ஏதோ தியானப் புத்தகங்கள் என்று நினைத்துத்தான் ஆட்டோவில் ஏற்றினேன். வீட்டுக்குப் போய் ஒன்றைப் பிரித்தால், சில பக்கங்களிலேயே பேங்குக்குள் ஒருவன் வெடிகுண்டோடு நிற்கிறான்.

டீ ஹெண்டர்சன் என்பவர் எழுதிய ஓ'மாலி நாவல் வரிசை அது. அநாதை இல்லத்தில் வளர்ந்த ஏழு பேர் தங்களுக்குள் அண்ணன் தங்கை என்று முடிவுசெய்து, சட்டப்படி ஒரே குடும்பப் பெயரையும் வைத்துக்கொள்கிறார்கள். அதில் கேட் என்பவள் பிணைக்கைதிகளை மீட்கப் பேச்சுவார்த்தை நடத்துகிற போலீஸ். வெடிகுண்டுக்காரன் முன்னால் கை நடுங்காமல் நின்று பேசுவாள். கடவுள் என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள். அவளை விரும்பும் எஃப்.பி.ஐ. அதிகாரி டேவ் விசுவாசி. அதனால் அவளை நெருங்கவும் முடியாது, விலகவும் மனம் வராது. நம் சபைகளில் பெண் பார்க்கும்போது, விசுவாசம் இல்லாதவரோடு கல்யாணம் கூடாது என்ற அர்த்தத்தில் 'அந்நிய நுகம்' என்று பெரியவர்கள் தொண்டையைக் கனைப்பார்களே, அதுதான் அங்கே கதையின் முடிச்சு. குற்றவாளி யார் என்பதை நூறாவது பக்கத்தில் நானே ஊகித்துவிடுவேன். ரொம்ப அன்பாகக் காபி வாங்கிக் கொடுக்கிறவனைக் கொஞ்சம் கவனித்தால் போதும். ஆனால் இந்தப் பெண் ஜெபம் செய்வாளா, செய்தால் என்ன சொல்வாள் என்பதுதான் ராத்திரி ஒரு மணி வரைக்கும் விளக்கை அணைக்க விடாமல் வைத்திருந்தது.

பத்தியாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இதே முடிச்சைச் சோம்பேறித்தனமாக அவிழ்க்கிற புத்தகங்களும் பெட்டியில் இருந்தன. 210ஆம் பக்கம் வரை கடவுளோடு சண்டைபோட்டவர் 212ஆம் பக்கத்தில் கண்ணீரோடு மனந்திரும்புவார், 220இல் மோதிரத்தை நீட்டுவார். எங்கள் ஊரில் இப்படி ஒரு மாப்பிள்ளை வந்தால், ஞானஸ்நானச் சான்றிதழை என் மாமியார் இரண்டு தடவை புரட்டிப் பார்த்திருப்பார்.

அப்புறம் என் தொழில் சம்பந்தமான புகார். கதாநாயகனுக்குத் தோளில் குண்டு பாய்கிறது. மறுநாள் காலை கட்டுப் போட்டுக்கொண்டு காரோட்டுகிறார். தோளில் எத்தனை ரத்தக்குழாய், எத்தனை நரம்பு! அந்தக் கையை மறுபடி தூக்கவைக்கப் பிசியோதெரபியில் மாதக்கணக்காக அழவேண்டியிருக்கும். சாட்சிப் பாதுகாப்பு விஷயமும் அப்படித்தான். கொலையைப் பார்த்துவிட்ட பெண்ணை ஒளித்துவைக்க, நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கிராமம்தான் இவர்களுக்கு முதலில் ஞாபகம் வரும். கரண்ட் கம்பி இல்லாத வீடு, குதிரை வண்டி, தலையில் வெள்ளைத் தொப்பி. நான் படித்த கணக்கில் பென்சில்வேனியாவின் ஆமிஷ் பண்ணைகளில் பால் கறப்பவர்களில் பாதிப்பேர் மாஃபியாவுக்குப் பயந்து வந்தவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

காதல் நாவல்களுக்குப் பேர்போன ஹார்லெக்வின் பதிப்பகம் 2005இல் இந்த வகை நாவல்களுக்கென்றே லவ் இன்ஸ்பயர்ட் சஸ்பென்ஸ் என்று தனி வரிசை தொடங்கியது. சுமார் 55,000 வார்த்தையில் முடிகிற சின்னப் புத்தகங்கள். கெட்ட வார்த்தை இருக்காது, படுக்கையறைக் காட்சி இருக்காது. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. கதவிடுக்கில் பார்த்த ஒரு பார்வையையே மூன்று அத்தியாயத்துக்கு இழுக்கிற தொடர்கதைகளைப் படித்து வளர்ந்தவள் நான். கைபிடிக்க 180 பக்கம் ஆனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் பெட்டியிலேயே என்னை அதிகம் பிடித்துவைத்தது கல்யாணமாகாத ஜோடியின் கதை அல்ல. டெரி பிளாக்ஸ்டாக் என்பவர் முதலில் வேறு பெயர்களில் சாதாரணக் காதல் நாவல்கள் எழுதி விற்றுக்கொண்டிருந்தவர். 1990களில் அதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார். லூசியானா மாநிலத்தில் நியூபாயின்ட் என்று ஒரு சிற்றூரைக் கற்பனைசெய்து, அங்குள்ள போலீஸ், தீயணைப்பு ஆட்களை வைத்து ஒரு வரிசை எழுதினார். அதன் முதல் கதையில் தீயணைப்பு வீரர்களின் மனைவிமார் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். அடுத்த இலக்கு யார் என்று ஊரே நடுங்கும்போது, ஏற்கெனவே பிரிந்து வாழும் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உயிருக்குப் பயந்து ஒன்றாக இருந்தாக வேண்டிய நிலை வருகிறது. இதில் காதல் என்பது மறுபடி பேச ஆரம்பிப்பதுதான். வெளியே கொலைகாரன், உள்ளே பழைய மனஸ்தாபம். எது பெரிய ஆபத்து என்று சொல்ல முடியாது. என் கணவரும் நானும் ஒருகாலத்தில் ஏழு மாதம் குழம்பு, ரசம் தவிர வேறு பேச்சில்லாமல் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். எங்களைக் கொல்ல யாரும் வராததால் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

இனி அந்தப் 'பிரசங்கம்' விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ராத்திரி டியூட்டியில் பைக் விபத்தில் அடிபட்ட பையன் ஒருவன் வந்தான். இருபது வயசுகூட இருக்காது. அவன் அம்மா ஐசியு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். மகனின் ஒற்றைச் செருப்பை மடியில் வைத்திருந்தார். இன்னொன்று ரோட்டிலேயே போய்விட்டது போல. விடிய விடிய அவர் வாயிலிருந்து வந்தது "ஏசப்பா" என்ற ஒரே சொல்தான். அது வேண்டுதலா, கேள்வியா, திட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்றரை மணிக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு கையால் டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். செருப்பிலிருந்து மற்றக் கையை எடுக்கவில்லை. டீ ஆடை படிந்து அப்படியே கிடந்தது.

இந்த நாவல்களில் நல்லவை எவை, மோசமானவை எவை என்று நான் பிரிப்பது இந்த இடத்தில்தான். மோசமான புத்தகத்தில், கழுத்தில் கத்தி இருக்கும்போது கதாநாயகி இலக்கண சுத்தமாக ஒரு பத்தி முழுக்க ஜெபிக்கிறாள், அடுத்த வரியில் போலீஸ் கதவை உடைக்கிறது. நல்ல புத்தகத்தில் அவளுக்கு ஒரு சொல்தான் வருகிறது. அதற்குப் பிறகும் ஜன்னல் கம்பியை அவளேதான் நெம்ப வேண்டியிருக்கிறது. ஹெண்டர்சனின் ஓ'மாலி வரிசை முழுக்க ஓடுகிற இழை ஒரு நோய். ஏழு பேரில் ஒருத்தியான ஜெனிஃபர் குழந்தைகள் மருத்துவர். அவளுக்குப் புற்றுநோய். துப்பாக்கிக்கு அங்கே வேலையில்லை. பிரசங்கம் என்றால் பதில் தெரிந்தவர் பேசுவது. அந்தப் பக்கங்களில் பதில் தெரிந்தவர் யாரும் இல்லை.

பையன் பிழைத்தானா என்று கேட்பீர்கள். இல்லை. நாவல்களில் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்படிப்பட்ட டியூட்டிகள் 32 வருஷம் பார்த்தவளுக்கு, கடைசி அத்தியாயத்தில் எல்லாரும் உயிரோடு சாப்பாட்டு மேசையில் உட்காரும் ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

தமிழில் ஏன் இது இல்லை என்று யோசித்ததுண்டு. ராஜேஷ்குமாரின் கொலைகளை என் தம்பி படித்தான், ரமணிசந்திரனின் காதலை நான் படித்தேன். இரண்டும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின, ஒன்றோடொன்று சேரவில்லை. ஆனால் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964லேயே வந்துவிட்டது. குமரி மாவட்டப் பனைவிளை, கிறிஸ்தவக் குடும்பம், லிஸியின் காதல். அந்தக் காதலுக்குக் குறுக்கே ஒரு கொலையும் வருகிறது. யாரும் அதை மர்ம நாவல் என்று அட்டையில் போடவில்லை, போடவும் வேண்டாம். ஆனால் பயமும் காதலும் விசுவாசமும் ஒரே வீட்டுக்குள் இருக்கலாம் என்பதற்கு நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. உங்கள் பத்தியாளர் அடுத்த முறை அதைப் பற்றி எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன்.

பெட்டி இப்போது பாதி காலி. உபதேசியாரின் மகள் ஐந்து புத்தகம் எடுத்துப்போனாள், மூன்று திரும்பி வந்தது. ஏலம் விட்டவரும் போன வாரம் வீட்டுக்கு வந்து, "சிஸ்டர், அந்த பாம் கதை இருக்கா?" என்று கேட்டார். கொடுத்திருக்கிறேன், 150 ரூபாய் கேட்கவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.