சீசன் முடிந்தது, ஊருக்குக் கிளம்புகிறேன்

நண்பர்களே, வணக்கம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள கிரேட்டர்ஸ் ஆஃப் தி மூன் எரிமலைப் பூங்காவில் என் தன்னார்வப் பணி இன்றோடு முடிந்தது. சனிக்கிழமை சென்னை வந்துவிடுவேன்.

கடைசி நாளும் குகை அனுமதி மேசையில்தான். "இந்த ஷூவோடு வேறு குகைக்குப் போனீர்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். வௌவால்களைக் கொல்லும் பூஞ்சை காலணியில் ஒட்டி வந்துவிடும். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் உறைந்த லாவா இன்னும் திரித்த கயிறு போல் மடிந்து கிடக்கிறது. கரிய சரளையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு செடி, சுற்றிலும் வெறும் தரை. தண்ணீர் தேடி அதன் வேர் அவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது! அதை விட்டு வர மனசே இல்லை.

கல் கேட்டவர்கள் மன்னிக்கவும், அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது. ஞாயிறு மாலை 5 மணிக்கு எலியட்ஸ் கடற்கரையில் சந்திப்போம், படங்கள் காட்டுகிறேன். ஜனவரி ஆமை நடைக்கு (கடலாமை முட்டைகளைக் காக்கக் கடற்கரையில் தேடி நடப்பது) என் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.