கவாத்தும் ஈரலும்: அண்ணனுக்கு

அண்ணே,

நாளைக்கு உன் திவசம். ஒரு வருசமாகத் தள்ளிப்போட்ட பதிலை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். அண்ணியும் தோட்டத்து ஆட்களும் இதை வாசிப்பார்கள். அதனால் கடைசி இரண்டு மாதத்தில் நடந்ததில் பாதியைத் தொடமாட்டேன்.

வார்டுக் கட்டிலில், வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிக் கிடந்தபோது கேட்டாயே: "கவாத்து வெட்டுன தேயிலை மாதிரி ஈரலும் வளந்துரும்னு நீதானே சொன்ன? எனக்கு ஏன்டா வளரல?" நான் உன் போர்வையைச் சரிசெய்தேன். வாய் திறக்கவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை, அண்ணே. 1931இல் ஹிக்கின்ஸும் அண்டர்சனும் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தார்கள். ஒரு வாரம் பத்து நாளில் எடை ஏறக்குறையத் திரும்பிவிடுகிறது. வெட்டிய மடல் முளைப்பதில்லை, மிச்ச மடல்கள்தான் பெருக்கும். அந்த இடத்தில் என் தேயிலை உவமை தப்பு.

வெட்டியதும் குடலிலிருந்து ஈரலுக்கு வரும் வாயினாளத்து இரத்தம் முழுவதும் மிஞ்சிய சிறு துண்டுக்குள் பாய்கிறது. அங்கே காவலிருக்கும் குப்பர் கலங்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் டி.என்.எப்., இன்டர்லூக்கின்-6 என்ற இரண்டு சமிக்ஞைகளை விடும். அவை ஈரற்கலத்துக்குள் என்.எப். கப்பா பி, ஸ்டாட் 3 என்ற, மரபணுக்களை இயக்கும் இரண்டு புரதங்களையும் எழுப்ப, உறங்கிக் கிடந்த கலம் பிரிவதற்குத் தயாராகும். பிறகு எச்.ஜி.எப்., ஈ.ஜி.எப். என்ற வளர்ச்சிக் காரணிகள் அதைப் பிரியவைக்கும். எலியில் 24 மணி நேரமளவில் டி.என்.ஏ. இரட்டிப்பது உச்சத்தில் நிற்கும். அளவு வந்ததும் நிறுத்தச் சொல்பவற்றில் ஒன்று டி.ஜி.எப். பீற்றா.

உனக்குச் சொல்லாமல் விட்டது இதுதான்: எழுப்புகிற அதே டி.என்.எப்.தான் கொல்லவும் செய்யும்.

நீ குடித்த மதுசாரம் குடற்சுவரைக் கசியவைக்கிறது. பற்றீரியா நஞ்சு வாயினாளம் வழியாக வந்து குப்பர் கலங்களைத் தினமும் சீண்டுகிறது. டி.என்.எப். ஓயாமல் சுரக்கிறது. நல்ல கலமென்றால் என்.எப். கப்பா பி அதற்குக் காப்புப் புரதங்களைச் செய்து கொடுக்கும். மதுசாரம் உடைந்து வரும் நஞ்சான அசற்றல்டிகைட்டில் ஊறி, சக்தி தரும் இழைமணியில் நஞ்சு முறிக்கும் குளுற்றத்தயோன் வற்றிய கலத்துக்கு அந்தக் காப்பு போதாது. ஜே.என்.கே. என்ற அபாயச் சமிக்ஞை அணையாமல் எரியும், கலத்தின் சாவைத் தொடக்கும் நொதியான கஸ்பேஸ்-8 கிளம்பும், இழைமணியிலிருந்து சைற்றோகுரோம் சி என்ற புரதம் வெளியே வரும், கஸ்பேஸ்-3 கலத்தை உள்ளிருந்தே அறுத்துவிடும். செத்த கலங்களின் இடத்தில் டி.ஜி.எப். பீற்றா ஈரலில் இருக்கும் விண்மீன் கலங்களைத் தூண்டிக் கொலாஜன் நாரை நெய்யவைக்கும். நிறுத்தச் சொல்ல வேண்டியது அங்கே தழும்பு போடுகிறது. தழும்புக்குள் இரத்தம் புகமுடியாமல் வாயினாள அழுத்தம் ஏறியதில்தான் உன் வயிற்றில் நீர் கோத்தது.

கவாத்துக்கு முன்னால் வேரை வெட்டி அயடின் போட்டுப் பார்ப்பதை எனக்குக் காட்டியவன் நீ. கருநீலம் வராவிட்டால் வேரில் மாச்சத்து இல்லை, கத்தி வைத்தால் செடி பட்டுப்போகும். ஒவ்வொரு செடிக்கும் அவ்வளவு பார்த்தவன் உன் வேரை ஏன் பார்க்கவில்லை? ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்த வருசம் கசிப்பை, அந்தக் கள்ளச்சாராயத்தை, விட்டிருந்தால் சில வாரங்களிலேயே அது கரையத் தொடங்கியிருக்கும். டொக்டரிடம் "எப்பயாச்சும்தான்" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"தம்பி படிச்சவன், வளரும்னு சொல்லியிருக்கான்" என்று கசிப்புப் போத்தலோடு நீ தோட்டத்து லயத்து வீடுகளில் சொல்லித் திரிந்தது எனக்குத் தெரியும். பாதியை மட்டும் சொன்னதற்கு மன்னித்துக்கொள். மீதியைக் கேட்கும் நிதானத்தில் நீ எந்தப் பின்னேரமும் இருந்ததில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த அயடின் குப்பி இன்னும் உன் அலுமாரியில் இருக்கிறது. சின்னவன் இந்த வருசம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறான். போன கிழமை ஈரல் பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். உன் குப்பியை மேசையில் வைத்துவிட்டு, வேரிலிருந்து தொடங்கினேன்.

தம்பி