பதினொரு நொடிகள்

அன்பு மகளுக்கு,

இதைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் இரண்டு வாக்கியங்களில் முடித்திருப்பேன். நீயும் "அப்படியாப்பா" என்று கேட்டுவிட்டு என் மாத்திரைகளைப் பற்றி விசாரித்திருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வந்த வேலை நண்பகலிலேயே முடிந்துவிட்டது. மாலை வரை பொழுது இருந்ததால், முன்பின் தெரியாத இந்த நகரத்தைக் கால்போன போக்கில் சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். கைபேசியின் வரைபடத்தை வேண்டுமென்றே பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரித் தோன்றும் குறுகிய தெருக்களுக்குள் வந்து மாட்டிக்கொண்டேன்.

அங்கேதான் அது கேட்டது. முதலில் காதில் விழுந்தது பாட்டு அல்ல, அதன் தாளம் மட்டுமே. தாழ்ந்த ஒலிகளின் அலைகள் நீளமானவை. நொடிக்கு 100 அதிர்வுகள் கொண்ட ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 3.4 மீட்டர் நீளம் இருக்கும் என்பதால் அது சுவரின் மூலையைச் சுற்றி எளிதாக வளைந்து வந்துவிடும். பாடகரின் குரலுக்குத் தெளிவைத் தரும் உயர்ந்த ஒலிகளின் அலைகளோ சில சென்டிமீட்டர்களே நீளமானவை; அவை மூலையில் அவ்வளவாக வளையாமல் பெரும்பாலும் நேர்க்கோட்டிலேயே போய்விடும். ஆகவே திருப்பத்துக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு வெறும் 'தும் தும்' மட்டுமே கிடைத்தது. பழகிய பாடலைக் கேட்கும் ஒருவரின் கண்பாவை 100 முதல் 300 மில்லி நொடிகளுக்குள்ளாகவே, பழகாத பாடலைக் கேட்கும்போது விரிவதிலிருந்து வேறுவிதமாக விரியத் தொடங்கிவிடுகிறது என்று 2019இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். என் கண்கள் என்ன செய்தன என்று தெரியாது. கால்கள் வேகம் கூட்டியதை மட்டும் நான் கவனித்தேன்; என்ன பாட்டு என்பது பிறகுதான் பிடிபட்டது.

மூலையைத் திரும்பியதும் குரல் முழுதாக வந்தது. ஒரு வீட்டின் முன்சுவருக்குச் சாரத்தின் மேல் நின்றபடி ஒருவர் வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். தன் கைபேசியைக் காலி வாளி ஒன்றுக்குள் போட்டு வைத்திருந்தார். அந்த வாளிதான் அவருடைய ஒலிபெருக்கி. அதிலிருந்து பாடிக்கொண்டிருந்தது நம் பாட்டு.

'நம் பாட்டு' என்று நான் சொல்வதன் காரணம் உனக்குப் பாதிதான் தெரியும். உனக்கு அப்போது நான்கு வயது. பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும் கேசட் ஒன்றில் எனக்குப் பிடித்த பாடல்களாகத் தேர்ந்து, வரிசை பார்த்துப் பதிவு செய்து வைத்திருந்தேன். ஒரு மாலை அது ஓடிக்கொண்டிருந்தபோது நீ முக்காலியின் மேல் ஏறி நின்று, சிவப்புப் பொத்தானையும் அதன் அருகிலிருந்த பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டாய். பதிவுக் கருவியில் நாடா உரசிச் செல்லும் காந்த முனைகளை ஹெட் என்பார்கள்; அழிக்கும் ஹெட் முன்னால் இருக்கும், பதியும் ஹெட் அதற்கு அடுத்து இருக்கும். நாடா முதலாவதைக் கடந்த கணமே பழைய ஒலி போய்விடும், அதை எவராலும் மீட்க முடியாது. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் என்பதால், உன் பதினொரு நொடிகளுக்கு அரை மீட்டருக்குச் சற்று அதிகமான நாடா செலவாயிற்று. இரண்டாவது சரணத்தின் நடுவே பாட்டு அறுந்து, ஒரு 'டக்' சத்தம்; பிறகு உன் மூச்சு; பிறகு "உள்ள யாரு இருக்கா?" என்று நீ கேட்கும் கேள்வி, தொலைவில் "யாரு அதை நோண்டுறது?" என்று உன் அம்மாவின் குரல், மறுபடி ஒரு 'டக்', ஒரு வரியின் பாதியிலிருந்து பாட்டு தொடரும். அன்று உன்னை நான் கடுமையாகத் திட்டினேன், நீ அழுதாய்.

அந்தப் பாட்டை அதன் பிறகு முழுமையாகக் கேட்க எனக்கு எத்தனையோ வழிகள் இருந்தன. கைபேசியில் பெயரைத் தட்டினால் போதும். இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் அதைச் செய்யவில்லை. தானாகவே எங்காவது அது தொடங்கினால், இரண்டாவது சரணம் வருமுன் எழுந்து போய்விடுவேன். அந்தத் தெருவில் மட்டும் ஏனோ கால்கள் நகரவில்லை.

விரும்பிய இடம் பாடலில் வருவதற்குச் சில நொடிகள் முன்னதாகவே, எதிர்பார்ப்பின்போதே, மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது என்று 2011இல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனக்கு அது நன்றாகவே சுரந்திருக்க வேண்டும். ஏனென்றால் சரணம் நெருங்க நெருங்க நான் உன் 'டக்' சத்தத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். அது வரவில்லை. அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் வந்து, பின் இரண்டு வரிகள் வந்தன. உண்மையைச் சொன்னால், எதுகைக்காகச் சேர்த்த சாதாரண வரிகள். இவற்றுக்காகவா உன்னை அழவைத்தேன் என்று அங்கேயே நின்றபடி நினைத்துக்கொண்டேன். சாரத்தில் நின்றவருக்குப் பாட்டு குறைவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கோ அதில் நடுவே யாரோ இல்லாததுபோல் இருந்தது.

பாட்டு முடிந்து விளம்பரம் தொடங்கியதும் அவர் குனிந்து என்னைப் பார்த்தார். நான் அண்ணாந்தபடி வெகுநேரமாக நின்றிருக்கிறேன் போலும். "வழி தெரியலையாய்யா?" என்று கேட்டார். ஆம் என்றேன். தூரிகையாலேயே இடப்பக்கத் தெருவைச் சுட்டிக்காட்டினார். அதில் நடந்து பத்து நிமிடத்தில் பெரிய சாலைக்கு வந்துவிட்டேன்.

கேசட் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. பாடும் கருவியில் ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டதால் இப்போது போட்டால் எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் கேட்கிறது. ஊர் திரும்பியதும் பெல்ட்டை மாற்றிப் பதிவெடுத்து உனக்கு அனுப்புகிறேன். முழுப் பாட்டையும் அல்ல, அந்தப் பதினொரு நொடிகளை மட்டும்.

இன்னொன்று. அந்தக் கேசட்டின் முதுகில், மேற்கொண்டு எதுவும் பதியாமல் தடுப்பதற்காக உடைத்துவிடும் சிறு பிளாஸ்டிக் துண்டு இல்லாமல் இருப்பதைப் பார்த்து, அதை அம்மாதான் உடைத்தாள் என்று நீ வெகுநாள் நினைத்திருந்தாய், நானும் மறுக்கவில்லை. திட்டிய அன்றிரவு நீ தூங்கிய பிறகு, பேனா முனையால் அதை உடைத்தது நான்தான்.

இப்படிக்கு,
அப்பா