முகூர்த்தம் குறிப்பதற்கு முன்னால்: செட்டிநாட்டுப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

காரைக்குடிப் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், பவர் என்று உங்களில் பல வீட்டு விவகாரங்கள் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. கொஞ்ச காலமாக இன்னொன்றும் வருகிறது. பையன் வெளிநாட்டில் வேலை பார்த்தான், அங்கே ஒரு பெண்ணைப் பிடித்துப் போயிற்று. பெண் டூரிஸ்ட் விசாவில் வந்து இறங்கியிருக்கிறாள். வீட்டில் ஒருவழியாகச் சம்மதித்து, ஜோசியரைப் பார்த்து, நாளும் குறித்து, மண்டபத்துக்கு அட்வான்சும் கொடுத்தாயிற்று. அதற்கப்புறம்தான் "பதிவு மட்டும் பண்ணிக் குடுத்துருங்க தம்பி" என்று வருகிறீர்கள். நான் கேட்பது ஒன்றுதான்: நாள் குறிப்பதற்கு முன்னால் வாருங்கள்.

ஓர் ஆச்சி மஞ்சள் பையிலிருந்து வருங்கால மருமகளின் இ-விசாத் தாளை எடுத்து என் முன்னால் விரித்தார். 30 நாள் என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, "நோட்டீசும் முப்பது நாளுதானே, கணக்கு நேராப் போச்சுல்ல?" என்றார். அவர் சொன்னது, கல்யாணத்துக்கு முன்னால் திருமண அலுவலகத்தில் கொடுத்து ஒட்டி வைக்கிற நோட்டீஸ். கணக்கில் தப்பில்லை. ஆனால் பெண் விமானத்தை விட்டு இறங்கிய அன்றே நோட்டீஸ் கொடுத்தாலும், அது முடியும்போது விசாவும் முடிந்துவிடும். அந்த 30 நாள் விசாவை நீட்டிக்கவும் வழியில்லை. ஆச்சி பைக்குள் மறுபடி கையை விட்டு அழைப்பிதழை எடுத்தார். அச்சடித்தே ஆயிற்று.

டூரிஸ்ட் விசாவில் வந்தவரைக் கல்யாணம் செய்துகொள்வது குற்றமா என்று பயந்து கேட்கிறீர்கள். இல்லை. 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம், இரண்டு பேரும் இந்தியராக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. பையனுக்கு 21, பெண்ணுக்கு 18, இருவருக்கும் உயிரோடு வேறு கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது, இப்படிச் சில நிபந்தனைகள்தான். அந்தச் சட்டம் கேட்பது அவகாசம். நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்தபின் 30 நாள் அது அலுவலகத்தில் ஒட்டிக் கிடக்க வேண்டும். கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால் நோட்டீஸ் செல்லாது, திரும்ப முதலிலிருந்து வர வேண்டும்.

குடியிருப்பு என்றதும், "கானாடுகாத்தானில் எங்களுக்கு எட்டில் ஒரு பங்கு வீடு இருக்கிறதே" என்கிறீர்கள். வீட்டில் பங்கு இருப்பது வேறு, வீட்டில் இருப்பது வேறு. சிங்கப்பூரிலிருந்து வந்து நாலு நாள் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) படுத்து எழுந்தவன் இங்கே வசிக்கிறவன் ஆக மாட்டான். மாவட்டத்தையும் பாருங்கள். கானாடுகாத்தான் சிவகங்கையில் இருக்கிறது, ராயவரம் புதுக்கோட்டையில். செட்டிநாடு நமக்கு ஒன்று, சர்க்காருக்கு இரண்டு மாவட்டம்.

இதற்கெல்லாம் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள்: "முதல்ல கோயில்ல வச்சுக் கட்டிருவோம், அப்புறம் பதிஞ்சுக்கலாம்." இந்து திருமணச் சட்டம் இரு தரப்பும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடக்கம். கிறிஸ்தவப் பெண் அடக்கமில்லை. 2008இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. சரி, நடந்த கல்யாணத்தைச் சிறப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரலாம் என்றால், அந்தப் பிரிவில் ஒருவர் குடியிருந்தால் போதாது, இரண்டு பேருமே 30 நாள் இருந்திருக்க வேண்டும். அதற்கு மேல் இன்னொரு 30 நாள் அறிவிப்பு. குறுக்கு வழியில் போனால் பெண்ணுக்குத்தான் காத்திருப்பு கூடுகிறது. அவசரத்துக்கு மதம் மாற்றிப் பெயர் வைக்கும் யோசனையும் சில வீடுகளில் ஓடுகிறது. அவளாக மனசு ஒப்பி மாறினால் அது வேறு விஷயம். விசா தேதிக்காக மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் பஞ்சாங்கமே இதற்கு இடம் கொடுக்கிறது. பையன் ஐப்பசிக் கடைசியிலேயே வந்து, கார்த்திகை மாதம் முழுக்க லீவு போட்டு ஊரில் இருக்கட்டும். கடைசியில் பெண் வந்து இறங்கட்டும், இருவருமாகப் போய் நோட்டீஸ் கொடுக்கட்டும். மார்கழியில் எப்படியும் நீங்கள் கல்யாணம் வைக்கப் போவதில்லை. அந்த மாதம் நோட்டீசோடு போகட்டும். தையும் மாசியும் உங்கள் கையில். இதேபோல ஆனி மாதம் முழுக்க ஊரில் தங்கி, ஆனிக் கடைசியில் நோட்டீஸ் கொடுத்தால் ஆடி கழிந்து ஆவணியில் முகூர்த்தம். பெண் 30 நாள் விசா எடுக்காமல் ஒரு வருஷ விசாவோ ஐந்து வருஷ விசாவோ எடுத்தால், பெரும்பாலான நாட்டவர் ஒரு தடவை வந்தால் 90 நாள் வரை இருக்கலாம். பையனுக்கு அவ்வளவு லீவு கிடைக்காதென்றால், அவன் வசிக்கும் ஊரிலேயே பதிவை முடித்துவிட்டு இங்கே சடங்கை வையுங்கள்.

இன்னொரு சலுகையும் சட்டத்தில் இருக்கிறது, யாரும் கேட்டு வருவதில்லை. கல்யாணத்தை அலுவலகத்தில்தான் நடத்த வேண்டும் என்றில்லை. தனிக் கட்டணம் கட்டினால், நியாயமான தூரத்துக்குள் திருமண அலுவலர் உங்கள் வீட்டுக்கே வரலாம். எந்த முறையில் வேண்டுமானாலும் நடத்தலாம். தாலி கட்டும் திருப்பூட்டு அதே முகூர்த்தத்தில் நடக்கட்டும். அலுவலர் முன்னால், இருவருக்கும் புரிகிற மொழியில், ஒருவரையொருவர் ஏற்கிறோம் என்று சொன்னால் போதும். இசைகுடிமானம் என்று கல்யாண ஒப்பந்தமே எழுதிக் கல்யாணம் செய்கிற உங்களுக்கு எழுத்தும் கையெழுத்தும் புதிதா என்ன? குலக்கோயிலிலிருந்து வரும் மாலை, கோயிலில் குடும்பமாகக் கணக்கில் சேர்க்கும் புள்ளி எல்லாம் உங்கள் வழக்கு, அதில் நான் வாய் வைக்கவில்லை.

பெண் தன் ஊரில் மணமாகாதவள் என்ற சான்றிதழைப் புறப்படுவதற்கு முன்பே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். முன்பு மணமாகி விவாகரத்து ஆனவள் என்றால் அந்தத் தீர்ப்பும் வேண்டும். உங்கள் வீட்டில் தங்கினால், வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்ற தகவலை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்; முன்பு இதைச் சி படிவம் என்பார்கள். தாலி ஏறியதும் டூரிஸ்ட் விசா தானாக மாறாது, விசா மாற்றத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டவர் இந்தியாவில் நெடுநாள் தங்க உதவும் ஓசிஐ அட்டைக்குப் பதிவான கல்யாணம் இரண்டு வருஷம் நீடித்திருக்க வேண்டும்.

நோட்டீசைப் பார்த்து ஆட்சேபம் போடத் துடிக்கிற பங்காளிகளுக்கும் ஒரு வார்த்தை. வயது, முந்தைய திருமணம் போன்ற சட்ட நிபந்தனைகள் மீறப்பட்டால்தான் ஆட்சேபம் நிற்கும். சாதி, நாடு, நிறம் எதுவும் அதில் இல்லை. நியாயமில்லாத ஆட்சேபத்துக்கு 1,000 ரூபாய் வரை ஈடு கட்டச் சொல்லவும் இடமுண்டு.

அதைவிட, இந்தக் கல்யாணத்துக்கு மூன்று சாட்சி தேவை. பிள்ளைகள் யாரோ நண்பர்களைத் தேடிக் கூட்டிவருகிறார்கள். பெரியவர்கள் நீங்களே வந்து போடலாமே. வரும்போது ஆதார் அட்டையை மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பத்திர எழுத்தர்