குண்டு உண்டு, ஃபியூஸ் இல்லை

ஐயா,

ராணுவத் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை என்று 2018 மார்ச்சில் தரைப்படைத் துணைத் தளபதி நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் சொன்னார். நவீனமயத்துக்கு ஒதுக்கியது ரூ.21,338 கோடி, ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களுக்கே தர வேண்டியது ரூ.29,033 கோடி. அதே வாரம், அமைச்சகங்களின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைகள் அத்தனையும் மக்களவையில் விவாதமின்றி நிறைவேறின. வேதனை!

152 வகை வெடிபொருள்களில் 40 சதவீதம் பத்து நாள் போருக்கும் போதாது என அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் 2017 அறிக்கை காட்டியது. குண்டை வெடிக்கச் செய்யும் கருவியான ஃபியூஸின் பற்றாக்குறையையும் அது சுட்டியது. முனையில் ஃபியூஸ் திருகாத பீரங்கிக் குண்டு இலக்கில் வெடிக்காது. எனவே குண்டு, ஃபியூஸ் இரண்டின் இருப்பையும் நிலைக்குழு சேர்த்தே கேட்க வேண்டும்; ரகசியம் என்றால் மூடிய அறையில் கேட்கலாமே.