வன்னி எம்பிமாருக்கு: 9ஆம் உறுப்புரையைப் பற்றி வாய் திறவுங்கோ

வன்னி மாவட்டத்தில இருந்து பாராளுமன்றம் போன ஆறு பேருக்கும் வணக்கம்.

புது அரசியலமைப்பு எண்ட கதை திரும்பவும் அடிபடுது. எது வந்தாலும் 9ஆம் உறுப்புரையைத் தொடாம விட்டா எங்களுக்கு ஒண்டும் மாறாது. பௌத்தத்துக்கு முதன்மை இடம், புத்த சாசனத்தைப் பாதுகாத்து வளர்க்கிறது அரசின்ர கடமை எண்டு 1978இல எழுதி வச்சிருக்கு. கொழும்பில அது ஒரு வசனம், இங்க அது மலையடியில நிக்கிற பொலிஸ். 2024 சிவராத்திரிக்கு வெடுக்குநாறி மலைச் சிவன் கோயிலில பூசை நடக்கேக்க சப்பாத்துக் காலோட வந்து குழப்பி பூசாரியோட எட்டுப் பேரைப் பிடிச்சுக்கொண்டு போனவை, பிறகு கோட்ஸ்தான் விட்டது. 2019இல முல்லைத்தீவு செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் கேணியடியில கோட்ஸ் கட்டளையையும் மீறி ஒரு பிக்குவின்ர உடலைப் பிக்குமார் எரிச்சவை. சட்டமே ஒரு சமயத்துக்குப் பக்கம் நிண்டா கோட்ஸ் சொல்லுறதை ஆர் கேக்கப் போறான்?

இது ஆதியில இருந்து வந்த ஒண்டும் இல்லை. சுதந்திரம் கிடைக்கேக்க இருந்த சோல்பரி அரசியலமைப்பின்ர 29(2)ஆம் பிரிவு ஒரு சமயத்தாருக்கு மட்டும் சலுகை குடுக்கிற சட்டம் போடேலாது எண்டு சொன்னது, 1972இலதான் அதைத் தூக்கினவை.

ஆனா ஒண்டு. இதுக்குப் பதிலா வடக்கைச் சைவ பூமி ஆக்குவம் எண்டு எங்கட ஆக்களிலயும் சிலர் வெளிக்கிட்டிருக்கினம், தயவுசெய்து அவைக்குப் பின்னால போகாதேங்கோ. 2019இல மன்னாரில திருக்கேதீஸ்வரச் சிவன் கோயில் வளைவைப் புடுங்கி எறிஞ்சது பிக்குமார் இல்லை, தமிழ்க் கத்தோலிக்கச் சனம்தான். அண்டைக்கு வோட்டைக் கணக்குப் பாக்காம ரெண்டு பகுதியையும் இருத்திக் கதைச்ச அரசியல்வாதி எத்தினை பேர்?

நான் சாமி கும்பிடுறவள். கடல் தண்ணியில விளக்கெரியிற வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் போவன், ஆவணியில மடு மாதா கோயிலுக்கும் போவன். என்ர நம்பிக்கைக்கு அரசாங்கம் காவல் நிக்கத் தேவையில்லை, இடையில வராம இருந்தாக் காணும். நீங்களும் கும்பிடுங்கோ, ஆனா சட்டம் எண்டு வரேக்க சொல்லுற நியாயம் மன்னார் முஸ்லிமுக்கும் பேசாலைக் கத்தோலிக்கனுக்கும் நெடுங்கேணிச் சைவனுக்கும் ஒண்டா இருக்கவேணும். உங்களுக்குள்ளயே ஒரே சமயம் இல்லைத்தானே, அப்ப இதை ஆறு பேரும் சேந்து சொல்லலாம்.

அதால சைவத்துக்கும் ஒரு இடம் தாங்கோ எண்டு கேக்காதேங்கோ. அரசுக்குச் சமயமே வேண்டாம் எண்டு கேளுங்கோ. 9ஐ மாத்த மூண்டில ரெண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் வேணும், அப்ப சிங்களச் சனத்தோட கதைக்காம ஏலாது. வவுனியாவில தமிழில முழங்கிப்போட்டு வாறது காணாது. வரைவு வெளிவர முதல் உங்கட நிலைப்பாட்டை எழுத்தில தாங்கோ, அதையே மாத்தறையிலயும் அநுராதபுரத்திலயும் சிங்களத்தில சொல்லுவியளோ எண்டும் சொல்லுங்கோ.